கூடாரக் கட்டணமும் நான் மாற்றிய ஒரு சொல்லும்

இதை எழுத வேண்டும் என்று எத்தனையோ வருஷமாக நினைத்து நினைத்து விட்டுவிட்டேன். நோட்டை எடுப்பேன், பிள்ளையார் சுழி போடுவேன், கீழே ஒரு வரி எழுதுவேன், மூடி வைத்துவிடுவேன். சுழி மட்டும் போட்ட பக்கங்கள் அந்த நோட்டில் ஏழெட்டு இருக்கின்றன. நான் எட்டாவது வரை படித்தவன். எழுத வராது, அதனால் தள்ளிப்போட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அது உண்மையில்லை. எழுதினால் நான் செய்தது வெளியே வந்துவிடும். அதுதான் காரணம். இப்போது முருகன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போது மூடிவைக்க முடியாது.

நாங்கள் கல்கத்தாவில் டாலிகஞ்சில் ஒரு சந்துக்குள், கீழ்த்தளத்தில் இரண்டு அறை வீட்டில் இருந்தோம். நானும் என் மனைவியும்தான். பிள்ளைகளை முருகன் கொடுக்கவில்லை. எனக்குத் துறைமுகக் கிடங்கில் வேலை. கப்பலேறும் மரப்பெட்டிகளின் மேல் மார்க்கா எழுதுவேன். எந்த ஊருக்கு, யாருக்கு, எத்தனையாவது பெட்டி என்று ஒரு சீட்டு வரும். அதைப் பார்த்துக் கறுப்பு மையில் பெட்டிமேல் எழுத வேண்டும். சீட்டில் தப்பு இருப்பதாகத் தெரிந்தாலும் நாம் திருத்தக் கூடாது. உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். ஓர் எழுத்து மாறினால் பெட்டி வேறு தேசத்துக்குப் போய்விடும். வேலையில் சேர்ந்த முதல் நாளே எனக்குச் சொன்ன பாடம் அது. என் கையால் எழுதிய பெட்டி ஒன்றுகூட வழி தவறியதில்லை.

என் மனைவிக்கு இழுப்பு. திருநெல்வேலிப் பக்கம் இருந்தவரை அது கிடையாது. கல்கத்தா வந்து, குளிர்காலப் புகையில் பிடித்துக்கொண்டது. எங்கள் ஜன்னலை ஒட்டி ஒரு மிட்டாய்க்கடை, அதை அடுத்து டீக்கடை, அப்புறம் வரிசையாக வீடுகள். அந்தத் தொண்ணூறுகளில் எங்கள் சந்தில் பாதி வீடுகளில் கரி அடுப்புதான். மார்கழி, தை மாதங்களில் சாயங்காலம் ஆனதும் எல்லோரும் ஒரே சமயத்தில் அடுப்பைப் பற்றவைத்து, புகை போகட்டும் என்று தூக்கி வந்து சந்தில் வைப்பார்கள். மேலே பனி மூடியிருக்கும். புகை எங்கே போகும்? எங்கள் வீட்டுக்குள் வரும். ஒவ்வொரு மூச்சையும் அவள் கிணற்றிலிருந்து வாளி இறைப்பதுபோல இழுத்து எடுப்பாள். மூன்று மாதம் படுத்துத் தூங்கமாட்டாள். சுவரில் தலையணையை முட்டுக்கொடுத்து, உட்கார்ந்தபடியே கண்ணை மூடிக்கொள்வாள்.

"படுத்தா நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காருதாங்க" என்பாள். "யாருன்னு பாத்துச் சொல்லுங்க. வாடகையாவது வாங்கலாம்."

மாடியில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளாதவர். எங்களைவிட மூத்தவர், நாங்கள் 'திதி', அதாவது அக்கா, என்று கூப்பிடுவோம். அவர் என்னை மரியாதைக்குத் 'தாதா', அதாவது அண்ணன், என்பார், என் மனைவியை 'பௌதி', அண்ணி, என்பார். உடம்பு சரியில்லை என்றால் வங்காளிகள் மருந்துக்குச் சமமாக ஒன்றை நம்புவார்கள். அதற்கு 'ஹவா பதல்' என்று பெயர். காற்றை மாற்றுவது. திதி ஒவ்வொரு குளிர்காலத்திலும் எங்கள் சந்துக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு, வடக்கே மலையடிவாரத்தில் ஒரு தேசியப் பூங்காவுக்குப் போவார். காட்டின் ஓரத்தில் ஆற்றங்கரையில் கூடாரம் போட இடம் விட்டிருந்தார்கள். கூடாரம் நம்முடையது, சாமான் நம்முடையது, தண்ணீரும் நாமே தூக்கிக்கொள்ள வேண்டும். ஒரு கூடாரத்துக்கு ஒரு நாளைக்கு ஏதோ சின்னத் தொகை வாங்கினார்கள். எங்களைப் போன்றவர்கள் பதினைந்து நாள் இருந்துவிட்டு வரலாம்.

"பௌதியை இந்தத் தடவை கூட்டிட்டு வந்தே ஆகணும் தாதா" என்று திதி பிடித்த பிடியில் போனோம்.

அங்கே முதல் நாள் காலையில் கண் விழித்துப் பார்க்கிறேன், அவள் மல்லாந்து படுத்திருக்கிறாள். குளிர்காலத்தில் அவளை அப்படிப் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. போய்விட்டாள் என்றே நினைத்தேன். மூக்கருகில் கையைக் கொண்டுபோனேன். ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"இருக்கேன். மூக்க விடுங்க. போயி காப்பி போடுங்க."

வெளியே வந்து, மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு வைத்து, ஆற்றைப் பார்த்துக் கும்பிட்டேன். முருகா, இந்தக் காற்றை நீதான் விட்டாய் என்று வாய்விட்டே சொன்னேன்.

நாலு குளிர்காலம் அப்படிப் போனோம். அந்தப் பதினைந்து நாளை அவள் மூட்டை கட்டி வந்ததுபோல மிச்ச வருஷத்துக்கு வைத்துக்கொண்டாள். நாலாவது தடவை கிளம்பும்போது வாசல் சாவடியில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. திதி படித்துச் சொன்னார். கூடாரக் கட்டணத்தை உயர்த்தப்போகிறார்கள். கூடாரத்துக்கு என்று இருந்தது இனி ஆளுக்கு என்று ஆகும், அதுவும் மூன்று பங்கு. ஆட்சேபம் இருப்பவர்கள் ஒரு மாதத்துக்குள் கல்கத்தா அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம்.

ரயிலில் வரும்போது அதே பேச்சு. ஓட்டலில் தங்கி ஜீப்பில் சுற்றுகிறவர்களுக்கு இது ஒரு டீ செலவு, நமக்கு இதோடு முடிந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். என் மனைவி என் காதில் சொன்னாள்: "வள்ளியத் தேடி முருகன் காட்டுக்குப் போனாரே, அவருக்கும் வாசல்ல சீட்டுக் கிழிச்சிருப்பாங்களோ? வேடன், வேங்கைமரம், கிழவன்னு மூணு வேஷம் போட்டாரு. மூணு ஆளுக்குப் பணம் கேட்டிருப்பாங்க." நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "அடுத்த வருஷம் எனக்கு இது வேணும்ங்க" என்றாள். என்னிடம் அவள் வாய்விட்டுக் கேட்டது அந்த ஒன்றுதான்.

திதி தீர்மானமாகச் சொன்னார். "ஒரே கடிதம். எல்லாரும் கையெழுத்து. தனித்தனியா எழுதினா தனித்தனியா கிழிச்சுப் போடுவாங்க." அவரே வங்காளியில் எழுதினார். நாங்கள் அடுப்புச் சாம்பலைக்கூடக் கிளறி அணைத்துவிட்டு வருகிறவர்கள், மின்சாரம் கேட்டதில்லை, சாலை கேட்டதில்லை, உடம்பு முடியாதவர்கள் மூச்சு விடுவதற்காக வருகிறோம், காற்றுக்கு விலை போடாதீர்கள் என்று ஒரு பக்கம். படித்துக் காட்டியபோது மிட்டாய்க்கடைக்காரர்கூட மூக்கைச் சிந்தினார். ஆனால் திதியின் எழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். "மார்க்கா எழுதற கை கீழ் வீட்ல இருக்கறப்ப என் கிறுக்கல் எதுக்கு?" என்று சொல்லி, நகல் எடுக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார்.

எந்த மொழி மார்க்காவையும் நான் பார்த்து எழுதிவிடுவேன். வங்காளி எழுத்தை பஸ் போர்டுகளில் படித்துப் பழகியிருந்தேன். பாதிச் சொற்கள் நம்முடையவைதான். ஜலம் அங்கே 'ஜொல்'. அன்னம் 'ஒன்னோ'. 'வ' கிடையாது, அதற்கும் 'ப' தான். இவ்வளவு தெரிந்ததும் எல்லாம் தெரிந்த மாதிரி இருந்துவிட்டேன்.

நகல் எடுக்குமுன், எங்கே கொடுப்பது என்று விசாரிக்க ஒருநாள் அந்த அலுவலகத்துக்குப் போனேன். பல இலாகாக்கள் இருந்த பழைய கட்டடம். கீழே ஒரு குமாஸ்தாவிடம் எனக்குத் தெரிந்த வங்காளியில், என் சம்சாரத்துக்கு மூச்சு முட்டுகிறது, அது விஷயமாக மனு கொடுக்க வேண்டும் என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"யார் ஷொங்ஷாருக்குத்தான் மூச்சு முட்டலே தாதா? என்னோடது போன மாசமே முட்டிப்போச்சு."

பக்கத்து மேஜைக்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவர்கள் மொழியில் சம்சாரம் என்றால் குடும்பம், குடித்தனம். மனைவி இல்லை. வெட்கத்தோடு திரும்பியபோது, மாடி நடையில் ஒரு பலகை கண்ணில் பட்டது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். அ, ப, ஸ, ர. அவசர! அடுத்த சொல்லை ஒரு பீரோ மறைத்திருந்தது. உள்ளே பெஞ்சு நிறைய ஆட்கள். எனக்குப் பெரிய நிம்மதி. அவசர மனுக்களுக்குத் தனி அறையே வைத்திருக்கிறார்களே என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து நகல் எடுக்க உட்கார்ந்தேன். திதியின் கடிதத்துக்கு மேலே 'ஜொருரி' என்று எழுதிக் கோடு போட்டிருந்தது. ஜரூர் என்றால் அவசரம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அது கடைத்தெருவில் கூவுகிற சொல் மாதிரி இருந்தது. ஒரு பெண்பிள்ளையின் மூச்சுக்காகக் கேட்கிறோம், நல்ல சுத்தமான சொல்லாக இருக்கட்டும், அந்த அறையின் பெயராகவே இருக்கட்டும் என்று நினைத்தேன். ஜொருரியை விட்டுவிட்டு, பெரிய எழுத்தில் அந்தப் பலகையில் இருந்த சொல்லை எழுதினேன். சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டேன்.

என் மனைவி எட்டிப் பார்த்தாள். "திதி போட்டது வேற மாதிரில்லா இருக்கு?"

"இது அதைவிட நல்ல சொல்லு."

"திதிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுங்க."

"எதுக்கு? ஆபீஸ் பலகையிலேயே போட்டிருக்கான்."

"சம்சாரம்னு சொல்லி அங்க மாட்டிக்கிட்டு வந்தவரு நீங்கதானே?"

"அது பேச்சு. இது எழுத்து. எழுத்து என் தொழிலு" என்றேன்.

கையெழுத்துகள் தனித் தாள்களில் முன்பே வாங்கியாகிவிட்டது. என் மனைவி தமிழில் போட்டிருந்தாள். திதிக்குப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை நேரம். நகலைத் திரும்பப் பார்க்கவில்லை. என் கையை அவர் அவ்வளவு நம்பினார். மறுநாள் அந்த அறைக்குப் போனேன். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் வயதானவர்கள். குடையை மடியில் வைத்துக்கொண்டு, மப்ளருக்குள் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார்கள். இவ்வளவு அவசரத்திலும் எத்தனை பொறுமை என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், பொய் சொல்லவில்லை. அங்கிருந்தவர் மேலே எழுதியிருந்ததைப் பார்த்து முத்திரை குத்தினார்.

"வரிசைப்படி வரும் தாதா. கவலை வேண்டாம், எல்லாருக்கும் கிடைச்சிடும்."

அங்கிருந்து நேரே காளிகாட்டுக்குப் போய் அம்மனுக்குச் செம்பருத்தி மாலை போட்டேன்.

ஒரு மாதம் கடந்தது. இன்னும் கொஞ்ச நாள் கழித்து என் பெயருக்கு ஒரு கார்டு வந்தது. எழுத்துக்கூட்டினால் என் சொல் அதில் இருந்தது. நியமனத் தேதி, பணிச் சான்று என்று என்னவோ கேட்டிருந்தார்கள். ஏதோ சரியில்லை என்று பட்டது. கிடங்கில் கூட வேலை பார்த்த வங்காளியிடம் கார்டைக் காட்டாமல், அந்தச் சொல்லை மட்டும் கேட்டேன்.

"ஒபொஷொரா? வேலை இல்லாம சும்மா இருக்கறது. ஓய்வு. ரிட்டயர் ஆறதுக்கும் அதான் சொல்லு. ஏன் தாதா, அதுக்குள்ள போகப் போறீங்களா?"

மையை மூடாமல், பிரஷைக் கழுவாமல் ஓடினேன். பஸ்ஸில் நின்றபடி முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே போனேன். அந்த அலுவலகத்தில் வனப் பிரிவு மேலதிகாரியை எப்படியோ பிடித்தேன். அவர் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "அந்தக் கட்டணமா? ஒரு ஆட்சேபமும் வரலைன்னு எழுதி அனுப்பியாச்சே. யாருமே எதிர்க்கலே. உத்தரவு ஆயிடுச்சு."

யாருமே எதிர்க்கவில்லை. பன்னிரண்டு குடும்பமும் ஒரே கடிதத்தில் அல்லவா இருந்தோம்!

அவரை இழுக்காத குறையாக மாடிக்குக் கூட்டிப்போனேன். ஓய்வுபெற்ற காட்டுக் காவலர்களின் மனுக்களுக்கு நடுவே எங்கள் மனு இருந்தது. என் அழகான எழுத்து. சிவப்புக் கோடு. அவர் பக்கம் முழுவதையும் நின்றபடியே படித்தார். மேலே இருந்த சொல்லுக்கு எங்கள் மொழியில் என்ன அர்த்தம் என்று சொன்னேன். அவருக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை.

"நல்ல கடிதம் தாதா. என் மேஜைக்கு வந்திருந்தா நான் சும்மா விட்டிருக்க மாட்டேன்" என்றார்.

அவர் காலைத் தொட்டேன். "வேண்டாம், வேண்டாம்" என்று பின்னால் நகர்ந்தார். தேதி போய்விட்டது. அவரால் ஒன்றும் ஆகாது. அன்றைக்கு அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

வீட்டில் என் மனைவியிடம் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். "அவசரம்னு சொல்லி எங்களுக்கெல்லாம் பென்ஷன் கேட்டிருக்கீங்களா?" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு அப்படியே இழுப்பாக மாறியது. நான் முதுகைத் தடவ, அவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு மூச்சாக இழுத்தாள். அடங்க வெகுநேரம் ஆனது. அடங்கியதும் சொன்ன முதல் பேச்சு இது: "திதிகிட்ட போயிச் சொல்லிருங்க."

மாடிப்படி ஏறினேன். திதி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தது கேட்டது. "அவங்க எங்கே படிப்பாங்க? ஜனங்க எழுதினது நேரா குப்பைக்குத்தான்." என்னைப் பார்த்ததும், "பதில் ஏதாவது வந்துதா தாதா?" என்று கேட்டார்.

"இல்லே திதி" என்றேன்.

அவ்வளவுதான். இரண்டே சொல். அதற்கப்புறம் சொல்ல முடியவில்லை.

அடுத்த குளிர்காலத்தில் யாரும் போகவில்லை. கூடாரங்கள் பரண்மேல் ஏறின. நான் செய்யாதது இல்லை. ஜன்னலுக்கு ஈரச் சாக்குக் கட்டினேன். மிட்டாய்க்கடைக்காரரிடம் அடுப்பைத் தள்ளி வைக்கச் சொல்லிக் கெஞ்சினேன். அவர் நல்லவர், பத்தடி தள்ளி வைத்தார். பத்தடி புகைக்கு எந்த மூலைக்கு? செவ்வாய்க்கிழமைகளில் செருப்பில்லாமல் காளிகாட்டுக்கு நடந்தேன். என் மூச்சில் பாதியை எடுத்து அவளுக்குக் கொடு என்று கேட்டேன். எனக்கு மூச்சு நன்றாகவே வந்துகொண்டிருந்தது. அதுதான் பொறுக்க முடியவில்லை.

அவள் மாதத்துக்கு ஒரு தடவையாவது கேட்பாள். "திதிகிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லுதேன்."

"ஒண்ணும் அவசரமில்ல. எந்தப் பாஷையில வச்சுக்கிட்டாலும் சரி" என்பாள்.

இரண்டாவது குளிர்காலத்தில், தை பிறந்து சில நாளில், காலையில் எழுந்தேன். அவள் எப்போதும்போலச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். இழுப்புச் சத்தம் இல்லை. இன்றைக்கு நல்ல தூக்கம் என்று சந்தோஷப்பட்டேன். சத்தம் காட்டாமல் போய்க் காப்பி போட்டு எடுத்துவந்து, பக்கத்தில் வைத்துவிட்டு, ஆறிப்போகுமே என்று கூப்பிட்டேன்.

காட்டில் படுத்திருந்தவளைப் பார்த்துப் போய்விட்டாள் என்று பயந்தேன். இங்கே போய்விட்டவளைப் பார்த்துத் தூங்குகிறாள் என்று சந்தோஷப்பட்டேன். எதையும் சரியாகப் படிக்கத் தெரியாதவன் நான்.

திதிதான் அவளுக்கு நெற்றியில் குங்குமம் வைத்தார். என்னைக் கட்டிக்கொண்டு, "அந்தப் பாவிங்க நம்ம கடிதத்தைப் படிச்சிருந்தா பௌதி இருந்திருப்பா" என்று அழுதார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

சில வருஷம் கழித்து எங்கள் சந்தின் கோடியில் இருந்த குளத்தை மூடிக் கட்டடம் கட்டப்போவதாகப் பேச்சு வந்தது. யாரோ மனு எழுதிக்கொண்டு வீடுவீடாக வந்தார்கள். ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. "எழுதி என்ன ஆச்சு? பார்த்தோமே" என்றார் திதி. ஊரைக் கூட்டிக் கையெழுத்து வாங்கிய அதே திதி. குளம் போயிற்று. அதுவும் என் கணக்கில்தான். நான் ஓய்வு பெற்ற அன்று கிடங்கில் மாலை போட்டு, துணியில் எழுதிக் கட்டியிருந்தார்கள். பெரிய எழுத்தில் முதல் சொல்லே மனுவில் நான் எழுதிய அந்தச் சொல்தான். கீழே நின்று போட்டோ எடுத்துக்கொள்ளக் கூப்பிட்டார்கள். என் கால் நகரவில்லை.

இப்போது ஊருக்கு வந்துவிட்டேன். திதி இன்னும் டாலிகஞ்சில்தான் இருக்கிறார். ஒவ்வொரு துர்கா பூஜைக்கும் கடிதம் போடுகிறார். பதிலில் நலம் என்று மட்டும் எழுதுகிறேன். இதை வங்காளியில் எழுத எனக்கு இனித் தைரியம் கிடையாது. அதனால் தமிழில் எழுதிவிட்டேன்.

படிக்கிறவர்களில் இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் இருந்தால் இதை அந்தச் சந்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அந்த அலுவலகம் எங்கள் கடிதத்தைக் குப்பையில் போடவில்லை. நான் எழுதியதை எழுதியபடியே படித்து, எழுதிய இடத்துக்கே அனுப்பியது. காட்டில் கூடாரம் போடுவதற்கு இன்னும் கூட்டிக் கேட்டார்கள் என்றால் மறுபடி எழுதுங்கள், மூச்சுக்குக் காசு கட்ட முடியாதவர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். சரியான இடத்தில் சேர்ந்தால் படிப்பார்கள். அந்த அதிகாரி நின்றபடியே படித்ததை நான் பார்த்தேன்.

ஒன்றே ஒன்று. இதை மற்றவருக்குக் கொடுக்கும்போது என்மேல் இரக்கப்பட்டு எதையும் குறைக்க வேண்டாம், என்னை நல்லவனாக்க வேண்டாம். எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும். இதைவிட நல்ல சொல் உங்களுக்குத் தெரியும், எனக்கே தெரிகிறது. மாற்றாதீர்கள். உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்புங்கள்.